இல்லறச் சிந்தனை: கூரை குளிர்ந்தால் வீடு குளிரும்



சென்ற திங்கள் இப்பகுதியில் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர் நம்மை இரயில் நிலையத்தில் கண்டபோது, "படிப்பைப் பற்றி எழுதினீர்கள், நன்று. ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதற்கு வீடு சற்றேனும் குளிர்ந்திருக்க வேண்டாமா? இந்த வெயிலுக்கும் மின்கட்டணத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. நாம் பொறியியல் கற்றவரல்லோம். பள்ளியிறுதி வகுப்புடன் படிப்பை முடித்து, இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவர். எனினும் சென்ற இரு கோடைகளிலும் பட்டறிந்தவற்றையும், கேட்டும் படித்தும் தெளிந்தவற்றையும் அன்பர்கள் முன் வைப்பதில் தவறில்லை என்று எண்ணுகிறோம்.

தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பின் பொருட்டுச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய நம்மவர்க்கு முதல் கோடையில் இரண்டு அதிர்ச்சிகள் காத்திருக்கும். ஒன்று இம்மலையடிவாரத்து வெயில். மற்றொன்று மின்கட்டணச் சீட்டு. நம் ஊரில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள்; அதில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்னும் சலுகை 2016-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இங்கோ மாதந்தோறும் கணக்கெடுப்பு. படிக்கட்டு ஏறுவதுபோல விலையும் ஏறும். 2022-ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 1 ரூபாய் 90 காசு. 126 முதல் 225 வரையில் 6 ரூபாய். 400-க்கு மேற்பட்டவற்றுக்கு 9 ரூபாய் 75 காசு. ஆகவே கோடையில் நாம் கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு யூனிட்டும் மேற்படியில்தான் போய் விழுகின்றது. இதனையே மாற்றிச் சொன்னால், நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய யூனிட்டாகவே இருக்கும். சிக்கனத்தில் இறங்குவோர்க்கு இது நல்ல செய்தி அன்றோ!

நம் வீட்டுக் கதையையே முதலில் கூறிவிடுகிறோம். நாம் குடியிருப்பது மாடியில் ஒரு பகுதி. மேலே மொட்டை மாடி. மேற்கே மறைப்பொன்றுமில்லாத சுவர். முந்தைய கோடையில் கிராமத்திலிருந்து நம் அன்னையாரை அழைத்து வந்திருந்தோம். பகலில் அவர் கீழ்வீட்டு நடையில் அமர்ந்து பொழுதைப் போக்கிவிடுவார். இரவுதான் பெருந்துன்பம். கதிரவன் மறைந்து மூன்று நாழிகை கழிந்த பின்னரும் கூரை அனலைக் கக்கிக் கொண்டிருக்கும். விசிறியை முழு வேகத்தில் விட்டால் அந்த அனலைத்தான் அது கீழே தள்ளும். ஒருநாள் நள்ளிரவில் விழித்துப் பார்த்தபோது அன்னையார் பாயில் இல்லை. வெளியே மாடிப்படியில் முந்தானையால் விசிறிக்கொண்டு அமர்ந்திருந்தார். "உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லையப்பா. ஆனால் இந்தச் சூட்டைத் தாங்க என் உடம்பு இனி ஆகாது. ஊருக்கே அனுப்பிவிடு" என்றார். ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. ஒரு வீட்டின் சூடு ஒரு குடும்பத்தையே பிரித்துவிடும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மறுநாளே குளிர்பதனப் பெட்டி வாங்குவதற்குக் கடன் கேட்கப் புறப்பட்டோம். அலுவலகத்தில் மின்பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தடுத்தார். "ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஏன் கடன் வாங்குகிறீர்? முதலில் ஓட்டையை அடையும்" என்றார். அவர் சொன்ன விளக்கம் எளிது. நண்பகலில் தெளிந்த வானத்திலிருந்து ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறக்குறைய 1,000 வாட். 500 சதுர அடிக் கூரை என்பது சுமார் 46 சதுர மீட்டர். அப்படியாயின், 1,000 வாட் மின்னடுப்புகள் நாற்பத்தாறை நம் தலைக்கு மேல் மூட்டி வைத்தது போலாகும். கறுத்துப்போன கான்கிரீட் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகின்றது. பகலெல்லாம் குடித்ததை இரவெல்லாம் கீழே உமிழ்கின்றது. வீட்டுக்குள் வந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்றக் காசு வேண்டும். வராமல் தடுப்பதற்குக் கருத்து வேண்டும்.

இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று வழங்கும் கூரையை அன்பர்கள் பார்த்திருக்கலாம். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் இணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து நாட்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். இறுதியில் தட்டோடு பதிப்பார்கள். அக்கூரையின் கீழ் சித்திரை வெயிலிலும் படுத்துறங்கலாம். இன்று வாடகைக்கு விடும் கட்டடங்கள் பலவற்றில் நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளத்தோடு வேலை முடிந்துவிடுகின்றது. தட்டோட்டுச் செலவு வீண் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வீண் செலவை மாதந்தோறும் மின்கட்டணமாகக் குடியிருப்பவர் செலுத்துகிறார்.

பழைய கூரையை நாம் திரும்பக் கட்ட இயலாது. ஆயினும் கூரையை வெளுக்க இயலும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். கருமை அதனை விழுங்கும். இச்சிறு உண்மையை இன்று அரசுகளும் கையில் எடுத்துள்ளன. அண்டை மாநிலமாகிய தெலங்கானா 2023-ஆம் ஆண்டில் 'குளிர் கூரைக் கொள்கை' ஒன்றை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் வெயிலைத் திருப்பும் கூரையை வற்புறுத்தியது. இதற்கெனத் தனிப்பட்ட பூச்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. கைப்பொருள் குறைந்தவர்க்குச் சுண்ணாம்பே போதும்.

செய்முறையைக் கூறுகிறோம். மாசி மாதத்தில், வெயில் முற்றுமுன், மாடியைப் பெருக்கிக் கழுவிக் காயவிட வேண்டும். விரிசல்களைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நீரில் கரைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது பசை சேர்த்து, மாலையில் தளத்தை நனைத்தபின் ஒருமுறை பூச வேண்டும்; அது காய்ந்ததும் குறுக்காக மற்றொரு முறை பூச வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்போ கற்சுண்ணாம்போ வீட்டில் நீற்றுவதாயின், அது கொதிக்கும்போது பிள்ளைகளை அருகில் விடலாகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இன்றியமையாதவை. ஐப்பசி, கார்த்திகை மழைகளில் இப்பூச்சு கரையும்; ஆதலின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிக்கும் நமக்கு இஃது ஒரு பாரமாகாது.

இங்கேதான் நம்மவரிடம் ஒரு தயக்கம் எழுகின்றது. "வீடு நம்முடையதா? அடுத்த ஆண்டு எங்கு இருப்போமோ! பிறர் கூரைக்கு நாம் ஏன் பூசுவது?" நமக்கும் அத்தயக்கம் இருந்தது. வீட்டு உரிமையாளரிடம் சென்று, "ஐயா, எம் செலவிலேயே மாடிக்குச் சுண்ணாம்பு பூசிக்கொள்ள இசைவு தர வேண்டும்" என்று நமக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டோம். அவர் முதலில் ஐயுற்றார். கசிவு வருமோ என்று அஞ்சினார். கழுவி, விரிசலையும் அடைத்துத் தருவதாகச் சொன்னபோது மனம் மாறினார். பூசி முடித்த பின் மாடி ஏறிவந்து பார்த்தவர், "கூரை என்னுடையது, செலவு முழுவதும் உங்களுடையதாக இருப்பது முறையன்று" என்று கூறிச் சுண்ணாம்பின் விலையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். கேட்காமலே 'தர மாட்டார்' என்று நாம் எத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தோம்!

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். மாலை வெயில் சாய்வாக வந்து சன்னல் வழியே நேராக உள்ளே புகும். உள்ளே திரை போடுவதனால் பயன் சிறிதே. கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பம் திரையைச் சுட்டு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெயிலை வெளியிலேயே தடுக்க வேண்டும். மூங்கில் தட்டியோ தென்னங்கீற்றோ சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் போதும். அதனினும் அழகியது கொடி. இரண்டு பெரிய தொட்டிகளில் மண்ணிட்டு, பீர்க்கும் அவரையும் ஊன்றி, கயிறு கட்டிச் சுவரின்மேல் ஏற்றிவிட்டால் சில வாரங்களில் பசுந்திரை ஒன்று அமைந்துவிடும். இலைகள் நிழல் தருவதோடு நீராவியை விட்டுச் சுற்றிலும் உள்ள காற்றையும் தணிக்கும். கறிக்கும் காய் கிடைக்கும். பாத்திரமும் அரிசியும் கழுவிய நீரே அதற்குப் போதும். ஆனால் மொட்டை மாடியின் நடுவில் கனமான தொட்டிகளை நெருக்கி வைக்கலாகாது. சுவரையொட்டி, அடியில் செங்கல் கொடுத்து, நீர் தேங்காதபடி வைக்க வேண்டும்.

மற்றொன்று காற்று. பகல் பத்து மணி முதல் மாலை வரையில் சன்னல்களை அடைத்து, வெளியனலை உள்ளே விடாமல் இருப்பது நலம். இரவில் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டையும் திறந்துவிட வேண்டும். கொசுவுக்கு அஞ்சி அடைப்பவர்கள் வலை அடித்துக்கொள்வது, நாள் முழுவதும் கொசுவிரட்டி எரிப்பதனினும் சிக்கனமானது.

இவ்வளவும் செய்த பின்னரே மின்கருவிகளைப் பற்றி எண்ண வேண்டும். பழைய கூரைவிசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் உண்ணும். இப்போது 'பி.எல்.டி.சி.' என்னும் மோட்டார் பொருத்திய விசிறிகள் வந்துள்ளன. இவை 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகின்றன. நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் விசிறியை மாற்றினால் மாதத்திற்குச் சுமார் 20 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய்ப் படியில் நிற்கும் வீட்டில் அது 120 ரூபாய். எட்டு மாதம் ஓடினால் 960 ரூபாய். விலை 3,000 ரூபாய் எனக் கொண்டாலும் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் போட்ட முதல் திரும்பிவிடும். எல்லா விசிறிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுவதில்லை. மிகுதியாக ஓடுவது எதுவோ அதனை முதலில் மாற்றுக. வீடு மாறினால் விசிறியும் நம்மோடு வரும். வாடகைக் குடியினர்க்கு இதனைவிடப் பொருத்தமான முதலீடு வேறில்லை. வாங்கும்போது மின்திறன் பணியகத்தின் நட்சத்திரச் சீட்டைப் பார்க்க வேண்டும். 2023 சனவரி முதல் கூரைவிசிறிகளுக்கும் அச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டது.

குளிர்பதனப் பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் 18 பாகையில் வைத்துப் போர்வை போர்த்துக்கொள்வதை விடுத்து, 24 பாகையில் வைத்து விசிறியையும் மெல்ல ஓடவிடுக. 2020-ஆம் ஆண்டிலிருந்து புதிய பெட்டிகள் இயக்கியவுடன் 24 பாகையில் நிற்குமாறு செய்யப்பட வேண்டும் என்பதே அரசின் விதி. தொலைக்காட்சியையும் செட்டாப் பெட்டியையும் கைக்கருவியால் அணைப்பதோடு நில்லாது சுவரில் உள்ள சுவிட்சையும் அணைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காது பின்புறம் காற்றோட இடம் விடுக.

"நம் ஒரு வீட்டில் அறுபது யூனிட் மிச்சமானால் உலகுக்கு என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்கெழுதுபவராதலால் கணக்கிட்டே விடை கூறினோம். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் பிறக்க ஏறத்தாழ 700 கிராம் கரி எரிய வேண்டும். மூன்று விசிறிகளை மாற்றிய வீடு மாதம் 60 யூனிட்டாக, எட்டு மாதங்களில் 480 யூனிட் மிச்சப்படுத்தும். அதற்குரிய கரி சுமார் 336 கிலோ. சரக்கு வண்டியில் ஒரு வேகன் ஏறக்குறைய 60 டன் கரி சுமக்கும். ஏறத்தாழ 180 குடும்பங்கள் இவ்வாறு செய்தால் ஆண்டுக்கு ஒரு வேகன் கரி நிலத்திலிருந்து தோண்டப்படாமலும், வண்டியில் ஏறாமலும், புகையாகாமலும் நின்றுவிடும். நம் சங்கத்து அன்பர்களும் அவர்களுடைய உற்றாரும் சேர்ந்தால் எட்டிவிடக்கூடிய எண்ணிக்கையே இது.

சொந்த வீடு கட்டிக்கொண்ட அன்பர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். வழிகாட்டுவதற்கு நெடுந்தொலைவு போக வேண்டா. மலைமேலேயே சான்று உண்டு. 2002-ஆம் ஆண்டில் திருமலையில் தேவஸ்தானத்தார் அன்னதானச் சமையலுக்காகக் கதிரவன் வெப்பத்தால் நீராவி எழுப்பும் அமைப்பொன்றை நிறுவினர். 106 கண்ணாடித் தட்டுகள் கதிரவனைப் பின்தொடர்ந்து திரும்பி, ஒளியைக் குவித்து நீரை ஆவியாக்கும். அவ்வாவி குழாய் வழியே சமையற்கூடம் செல்லும். நாளொன்றுக்குச் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் அது திட்டமிடப்பட்டது. அதில் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அவர்கள் பழைய டீசல் கொதிகலனை உடைத்தெறிந்துவிடவில்லை. கதிரவன் தரும் ஆவியைப் பழைய குழாயோடு இணைத்தார்கள். வெயில் உள்ளபோது எண்ணெய் மிச்சம், இல்லாதபோது பழைய வழி. வீட்டுக்கும் இம்முறையே ஏற்றது. உள்ளதோடு கதிரவனைச் சேர்த்துக்கொள்ளலாம்; எல்லாவற்றையும் ஒருங்கே மாற்ற வேண்டுவதில்லை.

2024 பிப்ரவரியில் மைய அரசு தொடங்கிய சூரிய வீட்டுத் திட்டத்தில், கூரைமேல் ஒரு கிலோவாட் தகடு அமைப்போருக்கு 30,000 ரூபாயும், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் அமைப்போருக்கு 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லா இடம் வேண்டும். திருப்பதியில் தலைமையிடம் கொண்ட தென்மண்டல மின்பகிர்மானக் கழகத்தின் அலுவலகங்களில் நேரில் கேட்டறிந்து, பதிவு பெற்ற நிறுவனத்தாரிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும். வீடு தேடி வருபவர் கையில் முன்பணம் கொடுத்து ஏமாறலாகாது.

ஊரில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியுள்ள அன்பர்களுக்கும் ஒரு சொல். ஆற்காட்டுப் பக்கமோ அரக்கோணத்துப் பக்கமோ, இங்கிருந்து பணம் அனுப்பிவிட்டு மேஸ்திரியிடம் முழுவதையும் விட்டுவிடாதீர்கள். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும். மேற்கில் சன்னல் சிறுக்கட்டும். ஒவ்வொரு சன்னலுக்கும் மேல் வெயில் மறைப்பு அமையட்டும். தளத்தின்மேல் தட்டோடு பதியட்டும். கேரளத்தில் வாழ்ந்து 2007-ஆம் ஆண்டில் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்து, சிமெண்டையும் செலவையும் குறைக்கும் முறையைப் பரப்பினார். கட்டும்போது ஒரு நாள் யோசிப்பவர், குடியிருக்கும் நாளெல்லாம் மிச்சம் காண்பார்.

இனி நம் அன்னையாரைப் பற்றிக் கூறாது முடிப்பது முறையன்று. சுண்ணாம்பும் பீர்க்கங்கொடியும் கோடையைப் பனிக்காலமாக்கிவிட்டன என்று கூறமாட்டோம். சென்ற சித்திரையிலும் வியர்த்தது. ஆயினும் அவர் பாயிலேயே உறங்கினார். படிக்கட்டுக்குச் செல்லவில்லை, ஊர்ப்பேச்சையும் எடுக்கவில்லை. குளிர்பதனப் பெட்டிக்கான கடனும் தேவைப்படவில்லை.

மழை தொடங்கியதும் அவர் எங்கிருந்தோ ஒரு வேப்பங்கன்றைக் கொணர்ந்து, உரிமையாளர் வீட்டம்மாளிடம் சொல்லிவிட்டு, மேற்குச் சுவருக்குப் பத்தடி தள்ளி ஊன்றினார். "அம்மா, இது நிழல் தருவதற்குள் நமக்கு எந்த ஊருக்கு மாற்றலாகுமோ!" என்றோம். "ஏனப்பா, நீ சிறுவயதில் ஆடிய மரத்தடி உன் பாட்டன் நட்டதா? யாரோ நட்டது. இங்கே வரப்போகிற பிள்ளைக்கும் யாராவது நட வேண்டுமல்லவா?" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. நாள்தோறும் அதற்கு ஒரு குடம் நீர் ஊற்றுவது இப்போது நம் கடமையாகிவிட்டது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோளோடு இதனை முடிக்கிறோம். வரும் மாசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி, ஒன்றில் சித்தூரிலும் மற்றொன்றில் திருப்பதியிலும், முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள மாடிவீட்டுக் குடும்பங்களுக்கு நாமே கூடிச் சென்று கூரை வெளுத்துத் தருவோம். உரிமையாளரிடம் பேசுவதற்குத் தெலுங்கு நன்கு அறிந்த அன்பர் ஒருவர் உடன் வரட்டும். சுண்ணாம்பும் தூரிகையும் சங்கத்தின் பொறுப்பாகட்டும். உழைக்க விரும்புவோரும், கூரை வெளுக்க வேண்டுவோரும் செயலாளரிடம் தத்தம் பெயரைத் தந்துவிடுக. நம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

அடுத்த திங்கள் குடிநீரைப் பற்றிச் சிந்திப்போம். வணக்கம்.